அம்மாவின் எடையும் பிள்ளையின் கவனமும்

போன வருடம் தை கடைசி. வலங்கைமான் பக்கம் குடமுருட்டிக் கரையோர ஊரில், என் தங்கை வீட்டு வாசல் ரோட்டில் சம்பா நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். அதனால் அரைமணிக்கு ஒருதரம் காலால் கிளறிவிட வேண்டும். அந்த வேலையைத் தங்கை மகனிடம் விட்டிருந்தார்கள். எட்டு வயது. காலைத் தேய்த்துத் தேய்த்து முதல் கோடு போட்டான், நூல் பிடித்த மாதிரி வந்தது. இரண்டாவது கோட்டில் பாதி வரும்போது ஒரு மைனா இறங்கியது. அதன் பின்னால் ஓடினான். ஓடின இடத்தில் அடிபம்பு. இரண்டு அடி அடித்துக் கையை நனைத்துக்கொண்டான். அந்த ஈரக் கையோடு பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியைத் தூக்கினான். கால்மணி கழித்துத் திரும்பி வந்து, நெல்லுக்கு முன்னால் நின்று, இங்கே என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசிப்பவன்போலப் பார்த்தான். முகத்தில் குறும்பு இல்லை. நிஜமாகவே மறந்துபோயிருந்தது.

"கால்ல சக்கரத்தைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கான் பாருக்கா" என்றாள் தங்கை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இவன் வயித்துல வர்றப்பவே நான் குண்டா இருந்தேன்ல, அதனாலதான் இப்படியாம். ஒருத்தர் சொன்னாங்க" என்றாள். சொன்னவர் படித்தவர். ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வரியை ஆறு மாதமாக மனதில் வைத்துக்கொண்டு இவள் ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறாள்.

நான் 26 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள். கர்ப்பிணிகளின் எடையை அட்டையில் எழுதி எழுதியே பாதி ஆயுள் போனது. அன்றைக்குத் தங்கையிடம் வாசலில் உட்கார்ந்து அரைகுறையாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். இதே வரியைக் கேட்டுத் தூக்கம் கெட்ட அம்மாக்கள் இன்னும் பலர் இருப்பார்கள்.

முதலில் பிள்ளையிடமிருந்து தொடங்குவோம். துறுதுறுவென்று இருக்கிற எல்லாப் பிள்ளையும் நோயாளி கிடையாது. நாலு வயதில் ஓடாத பிள்ளையைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை வரும். ஆனால் சில பிள்ளைகளிடம் அந்த ஓட்டம் வயதுக்கு மீறி இருக்கும். ஆங்கிலச் சுருக்கப் பெயரில் ஏடிஹெச்டி என்பார்கள், கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த நிலை. மூளையில் கவனத்தையும் பொறுமையையும் ஆளுகிற பகுதிகள் வளர்வதிலும் வேலை செய்வதிலும் இருக்கிற வித்தியாசம் அது. வளர்ப்பு சரியில்லை, அடி போதவில்லை என்பதெல்லாம் காரணமே இல்லை.

மருத்துவர்கள் இதைத் தீர்மானிக்க ஒரு வரைமுறை வைத்திருக்கிறார்கள். கவனம் சம்பந்தமாக 9 அறிகுறிகள், துறுதுறுப்பும் அவசரமும் சம்பந்தமாக 9 அறிகுறிகள். ஏதாவது ஒரு பக்கத்தில் குறைந்தது 6 இருக்க வேண்டும். 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளிக்கூடம் என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். இதில் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். வீட்டில் மட்டும் ஆட்டம், பள்ளியில் சாது என்றால் விஷயம் வேறாக இருக்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகளில் பலருக்கு ஓட்டமே இருக்காது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மனசு எங்கேயோ போய்விடும், அவ்வளவுதான். "சோம்பேறி" என்று பெயர் வாங்கிக்கொண்டு கண்டுபிடிக்கப்படாமலே பெரியவளாகிவிடுவார்கள். உலக அளவில் பார்த்தால் நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய 5 பேருக்கு இந்த நிலை இருக்கிறது.

சரி, எடைக்கு வருவோம். எடை அதிகமா குறைவா என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடாது. அதற்கு பி.எம்.ஐ. என்று ஒரு கணக்கு உண்டு, உடல் நிறைக் குறியீடு. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தை உயரத்தால் பெருக்கி, அதால் எடையை வகுக்க வேண்டும். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் 55 கிலோ இருந்தால் குறியீடு 23-ஐ ஒட்டி வரும். அதே பெண் 68 கிலோ ஆனால் 28-ஐத் தாண்டும். 44 கிலோவுக்கு இறங்கினால் 18.5-க்குக் கீழே, அதாவது எடை குறைவு. உலக அளவில் 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் உடல்பருமன். நம் உடல்வாகுக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சீக்கிரம் சேர்கிறது, சர்க்கரையும் சீக்கிரம் வருகிறது. அதனால் இந்திய மருத்துவர்கள் 23, 25 என்று கோட்டைக் கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள்.

2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் 25 என்ற கோட்டுக்கு மேலே இருக்கிறார்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 30.9 சதவீதமாக இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் கவலையெல்லாம் 40 கிலோ கூட இல்லாத கர்ப்பிணிகளைப் பற்றித்தான். நடவுக்குப் போய்விட்டு வந்து, பழைய சோற்றைக் குடித்துவிட்டு எடை பார்க்க நிற்பார்கள். இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டது, சோறு மட்டும் அதே அளவு இருக்கிறது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் 42 கிலோ, எதிர்வீட்டில் 80 கிலோ. இரண்டு பேருக்கும் ரத்தசோகை இருக்கும், அதுதான் கொடுமை. உடம்பு பெருத்திருந்தால் சத்து இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

இனி ஆய்வுகள். 2008-இல் ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து மூன்று நாடுகளையும் சேர்த்து, பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. வகுப்பில் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்ததையும், அந்தப் பிள்ளையைக் கருத்தரிக்கும் முன் அம்மாவின் எடை என்ன என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எடை கூடின அம்மாக்களின் பிள்ளைகளிடம் கவனக்குறைவு அறிகுறிகள் அதிகம் தெரிந்தன. அதற்குப் பிறகு பல நாடுகளில் ஆய்வுகள் வந்தன, பெரும்பாலானவை அதே திசையைத்தான் காட்டின.

ஏன் அப்படி இருக்கலாம் என்பதற்குச் சில விளக்கங்கள் உண்டு. கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு என்று முன்பு நினைத்திருந்தோம். அது ஓயாமல் வேதிப்பொருள்களைச் சுரந்துகொண்டிருக்கிறது. அதிகமாகச் சேரும்போது, புண்ணே இல்லாத இடத்தில் புண்ணுக்கான எதிர்வினைபோல, உடம்பு முழுக்க மெல்லிய அழற்சி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் செய்தி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் பக்கமும் எட்டுகிறது. அடுத்து சர்க்கரை. அம்மாவின் ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து போய்விடும், அம்மாவின் இன்சுலின் கடக்காது. அதனால் அம்மாவுக்குச் சர்க்கரை ஏறினால் குழந்தை தானே இன்சுலினை அதிகமாகச் சுரந்து சமாளிக்க வேண்டியிருக்கிறது. லெப்டின் என்ற ஹார்மோனும் எடையோடு சேர்ந்து ஏறும். அது பசிக்கு மட்டுமல்ல, மூளை வளர்ச்சிக்கும் வேண்டியது. எடை அதிகமானால் ஃபோலிக் அமிலமும் இரும்புச்சத்தும் உடம்பில் குறைந்து நிற்கின்றன. விலங்குகளில் செய்த சோதனைகள் இதற்கு வலு சேர்க்கின்றன. கொழுப்பு நிறைந்த தீனி தின்ற தாய்க் குரங்கின் குட்டிகளிடம் பதற்றம் அதிகமாகவும், மனநிலையை ஆளுவதில் பங்குள்ள செரடோனின் என்ற மூளை வேதிப்பொருளின் அமைப்பில் மாற்றமும் இருந்தன.

இவ்வளவையும் கேட்டால் "அப்படியானால் அவர் சொன்னது சரிதானே" என்று தோன்றும். என் தங்கைக்கும் அப்படித்தான் தோன்றியது. இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் இதற்கு மேல்தான் கதையே மாறுகிறது.

டெல்டாக்காரர்களுக்கு இதை வயலை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். கடைமடையில் ஒருவர் வயலில் விளைச்சல் குறைவு. தலைமடையில் இன்னொருவர் வயலில் நல்ல விளைச்சல். கடைமடைக்காரர் போட்ட விதை வேறு ரகம். உடனே "விதைதான் காரணம்" என்று சொல்லிவிட முடியுமா? அவருக்குத் தண்ணீர் பதினைந்து நாள் தாமதமாக வந்தது. மண் உவர். உரம் வாங்கக் கையில் காசில்லை. விதையைத் தவிர இத்தனையும் வேறாக இருக்கிறது. விதையின் குணத்தைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், ஒரே வயலில், ஒரே மடைத் தண்ணீரில், ஒரு வருடம் இந்த ரகம், அடுத்த வருடம் அந்த ரகம் என்று போட்டுப் பார்க்க வேண்டும். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் ரகங்களை ஒப்பிடும்போது பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் போட்டுப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரே வயல் என்பது ஒரே தாய். பல பெண்கள் முதல் பிள்ளைக்கு ஒல்லியாக இருப்பார்கள். பிரசவத்துக்குப் பிறகு ஏறின எடை இறங்காமலே இரண்டாவது உண்டாகிவிடும். அப்படிப்பட்ட அண்ணன் தம்பிகளை ஒப்பிட்டால்? எடை கூடியிருந்தபோது பிறந்த பிள்ளைக்கு மட்டும் கவனக்குறைவு அதிகம் என்று வந்தால், எடையின் மேல் சந்தேகப்படலாம். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வந்தால், காரணம் அந்தக் குடும்பத்துக்குள் வேறு எங்கோ இருக்கிறது.

ஸ்வீடனில் இதைச் செய்து பார்த்தார்கள். 1992 முதல் 2000 வரை பிறந்த சுமார் 6.7 லட்சம் பேர், 2014-இல் முடிவு வெளிவந்தது. எல்லோரையும் மொத்தமாகப் பார்த்தபோது, உடல்பருமன் இருந்த அம்மாக்களின் பிள்ளைகளுக்கு ஏடிஹெச்டி வாய்ப்பு 1.6 மடங்கு. கூடப்பிறந்தவர்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டபோது அந்தத் தொடர்பு கரைந்துபோய்விட்டது. அப்பாக்களின் எடையையும் சேர்த்து ஒப்பிட்ட பிரிட்டன், நெதர்லாந்து ஆய்வுகளிலும், கருவறைக்குள் எடை செய்கிற வேலைதான் இது என்று உறுதியாகக் காட்டும் சான்று கிடைக்கவில்லை.

அப்போது அந்த 1.6 மடங்கு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி பரம்பரையிலிருந்து என்பதுதான் இன்றைக்குப் பொருந்துகிற விளக்கம். ஏடிஹெச்டி விஷயத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் முக்கால் பங்கு மரபணுவால் வருவது என்று இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. ஏறக்குறைய உயரம் வழிவழியாக வருகிற மாதிரி. அதே மரபணுக்களில் சில எடை கூடுவதோடும் சம்பந்தப்பட்டவை. யோசித்துப் பாருங்கள்: சிறுவயதிலிருந்தே கவனம் நிலைக்காத ஒரு பெண். வேளாவேளைக்குச் சாப்பிட மறப்பாள், அப்புறம் கையில் கிடைத்ததை அள்ளிச் சாப்பிடுவாள். தூக்கம் ஒழுங்கில்லை. எடை ஏறுகிறது. அவளுக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் அந்தக் கவனக்குறைவு போகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அம்மாவின் எடையும் பிள்ளையின் துறுதுறுப்பும் தெரியும். இரண்டுக்கும் அடியில் ஓடுகிற வாய்க்கால் தெரியாது. அந்த வாய்க்கால் அப்பா வழியிலும் வரும். என் தங்கை கணவர் பள்ளிக்கூடத்தில் எத்தனை பெஞ்சின் மேல் ஏறி நின்றார் என்று அவருடைய அம்மாவைக் கேட்டால் தெரியும். ஆனால் பழி மட்டும் எப்போதும் வயிற்றில் சுமந்தவள் தலையில்தான் விழுகிறது. 26 வருடத்தில் "அப்பா என்ன எடை" என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

மடங்குக் கணக்கும் ஆளைப் பயமுறுத்திவிடும், அதையும் பிரித்துப் பார்ப்போம். கணக்குக்கு நூறில் 5 பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால், 1.6 மடங்கு என்பது நூறில் 8. மீதி 92 பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை, அம்மா பருமனாக இருந்தும். எட்டில் ஐந்து பேருக்கு எப்படியும் வந்திருக்கும். உங்கள் பிள்ளை அந்த ஐந்தில் ஒருவனா, மீதி மூன்றில் ஒருவனா என்று உலகத்தில் எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. பெரிய கூட்டத்தைப் பார்த்து எடுத்த கணக்கு அது. கூட்டத்தைப் பற்றிச் சொல்லும், வாசலில் நிற்கிற ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லாது. அந்த ஒரு வரியைச் சொன்னவர் இதைத்தான் தங்கையிடம் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இங்கே ஒரு சின்ன விஷயம். நம் ஊரில் "கர்ப்பத்துக்கு முந்தைய எடை" என்று ஒன்று எழுதப்படுவதே அரிது. நாள் தள்ளிப்போய், மாமியாரிடம் சொல்லி, அவர் "மூணு மாசம் முடியட்டும், வெளியே சொல்லக்கூடாது" என்று தடுத்து, பிறகுதான் பதிவுக்கு வருவார்கள். மசக்கையில் அதற்குள் மூன்று கிலோ இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் ஏறியிருக்கும். அட்டையில் நான் எழுதுகிற முதல் எடை அதுதான். மாதவிலக்கு தள்ளிப்போன வாரமே வந்து எடை பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் வீடு வீடாகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் கருத்தரிக்கும் முன் எடையைக் கவனிப்பது வீண் வேலையா? நிச்சயமாக இல்லை. கவனக்குறைவு விஷயத்தில் சந்தேகம் இருக்கிறதே தவிர, மற்ற விஷயங்களில் சந்தேகமே கிடையாது. எடை அதிகமானால் கர்ப்பகாலச் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிசேரியன், குறைமாதப் பிரசவம் எல்லாமே கூடும். குறைமாதத்திலும் குறைந்த எடையிலும் பிறப்பது கவனக்குறைவோடு இன்னும் அழுத்தமாகத் தொடர்புள்ளது. எடை குறைந்த அம்மாவுக்கும் அப்படிப் பிள்ளை பிறக்கலாம். அதனால் 42 கிலோ மருமகளைப் பார்த்து "நம்ம பொண்ணு ஒல்லி, கவலையில்லை" என்று இருந்துவிடவும் கூடாது.

"முன்" என்பதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகப்போகிற குழல், கரு உண்டாகி நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. பலருக்கு அதற்கு முன் கர்ப்பம் என்றே தெரியாது. குறுவைக்குத் தண்ணீர் ஜூன் 12-இல் மேட்டூரில் திறப்பார்கள் என்றால், நாற்றங்காலை அதற்கு முன்னமே தயார் செய்து வைக்கிறோமே, அதுபோலத்தான். ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்க ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும், சாதாரணமாக நாளுக்கு 400 மைக்ரோகிராம். எடை அதிகமுள்ளவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எடை குறைப்பதும் முன்பே செய்ய வேண்டியது. உண்டான பிறகு பட்டினி கிடந்து குறைக்கக்கூடாது. "ரெண்டு உசுருக்குச் சாப்பிடு" என்று தட்டில் இரண்டு பங்கு சோறு போடுவதும் வேண்டாம். கர்ப்பத்தில் எவ்வளவு ஏறலாம் என்று பரவலாகப் பின்பற்றும் அளவு ஒன்று உண்டு: சரியான எடை உள்ளவர்கள் 11.5 முதல் 16 கிலோ, அதிக எடை உள்ளவர்கள் 7 முதல் 11.5, பருமனானவர்கள் 5 முதல் 9. மேலைநாட்டு உடல்வாகுக்கு வகுத்தது, நம் பெண்களுக்கு மருத்துவர் கொஞ்சம் மாற்றிச் சொல்லுவார். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும் சோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள். 140 வந்தாலே கர்ப்பகாலச் சர்க்கரை. வாந்தி வரும் என்று ஓடிவிடுகிற பெண்கள் உண்டு, நானே தெருமுனை வரை போய்க் கூட்டிவந்திருக்கிறேன்.

சாப்பாட்டில் நம் பக்கம் சோறுதான் பிரச்சினை, அதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். நெல் விளைகிற மண்ணில் சோற்றைக் குறை என்றால் மனசு வராது. ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் ஒரு கரண்டி கீரையோ பயறோ வையுங்கள், ஒரு முட்டை, ஆற்று மீன் கிடைத்தால் அது. முதல் பிள்ளைக்குப் பிறகு இரண்டாவதுக்கு இடைவெளி விடுங்கள். லேகியமும் நெய்யும் சாப்பிட்டு ஏறின எடை இறங்க அந்த நாள்கள் வேண்டும்.

ஏற்கனவே பிறந்து, எட்டு வயதாகி, நெல்லுக்கு முன்னால் மறந்துபோய் நிற்கிற பிள்ளைக்கு இந்த எடைக் கணக்கால் ஒரு பயனும் இல்லை. அவனுக்கு வேண்டியது வேறு. முதலில் கண், காது, தூக்கம், ரத்தசோகை நான்கையும் பார்த்துவிட வேண்டும், இவையும் கவனத்தைக் கெடுக்கும். பள்ளிக்கு வருகிற நடமாடும் மருத்துவக் குழுவிடம் சொன்னால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். அங்கே காசு கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கு, குறிப்பாக ஆறு வயதுக்குள், பெற்றோருக்குக் கொடுக்கிற பயிற்சிதான் முதல் சிகிச்சை. அதற்கு மேற்பட்ட வயதில் தேவைப்பட்டால் மருத்துவர் மாத்திரையும் எழுதுவார். மெதில்ஃபெனிடேட் என்ற மருந்து பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது. மருத்துவரின் கண்காணிப்பில்தான் கொடுக்க வேண்டும். "மூளை மாத்திரை" என்று பயந்து ஒதுக்கவும் வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தது என்று கேட்டு வாங்கவும் வேண்டாம்.

அந்தப் பயிற்சியில் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், வேலையைச் சின்னதாக நறுக்குவது. "போய் நெல்லைக் கிளறு" என்பது அவனுக்குக் கடலளவு வேலை. இந்த வருடம் அவள் கணவர் கரித்துண்டால் ரோட்டில் குறுக்கே கோடு கிழித்து, நெல்லை ஆறு பாத்தியாகப் பிரித்துப் பரப்பியிருந்தார். ஒரு பாத்தி முடிந்ததும் வந்து அம்மா கையில் தட்ட வேண்டும், பிறகு அடுத்தது. நான் போயிருந்தபோது மைனா வந்தது. நிமிர்ந்து பார்த்தான். அதன் பின்னால் இரண்டு எட்டு ஓடவும் செய்தான். திரும்பி வந்தபோது எந்தப் பாத்தியில் விட்டோம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நாலு முடித்தான். மீதி இரண்டைத் தங்கை கிளறினாள்.